டிசம்பர் 25 வரை என்ன செய்வது?

கேள்வி: "அக்கா, இந்த ஆண்டு முதன்முறையாக யூல்டைட் பரிமாற்றத்தில் சேர்ந்திருக்கிறேன். நான் எழுத வேண்டிய கதையை எழுதி ஏற்றிவிட்டேன். எனக்கு வரப்போகும் கதை டிசம்பர் 25ஆம் தேதிதான் தெரியும் என்கிறார்கள். நாள் நகரவே மாட்டேன் என்கிறது. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? வருகிற கதை பிடிக்காமல் போனால் என்ன செய்வது? அடுத்தவர் கதையில் உனக்கு என்ன வேலை என்று அப்பா வேறு கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?" (கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்:

யூல்டைட் பற்றி அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். குன்னூரிலும் உதகையிலும் கான்வென்ட் பள்ளிகளில் படித்தவர்களுக்கு டிசம்பர் மாதத்துக் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாட்டு நினைவிருக்கும். வகுப்பிலுள்ள எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம்; சீட்டில் யார் பெயர் வந்ததோ அவருக்கு, தருவது யார் என்று தெரியாதபடி, விடுமுறை விடும் நாள்வரை சின்னச் சின்னப் பொருள்களை மேசைக்குள் வைத்துவிட்டு வருவோம். யூல்டைட் ஏறத்தாழ அதே விளையாட்டுத்தான். கைக்குட்டைக்கும் சாக்லேட்டுக்கும் பதிலாக ஒரு கதையைத் தர வேண்டும். பெறுபவர் விரும்பும் ஏதோ ஒரு நாவலின், படத்தின், தொடரின், காவியத்தின் மாந்தர்களை வைத்து அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று எல்லோரும் சொல்வதை நான் இங்கே ரசிகர் கதை என்று குறிப்பிடுகிறேன்.

2003இல் தொடங்கிய இந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. நீங்கள் கேட்கும் மூல நூலைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்ட ரசிகர் கதைகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மாயப்பள்ளி மாணவர்களைப் பற்றியும் விண்கலப் பயணிகளைப் பற்றியும் லட்சக்கணக்கில் கதைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை விரும்புகிறவர் எந்த நாளில் தேடினாலும் புதிதாக ஒன்று கிடைத்துவிடும். யாரும் பேசாத ஒரு பழைய நாவலின் துணைப்பாத்திரத்தை மனத்தில் வைத்துப் பல ஆண்டுகளாகத் தனியே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. யூல்டைட் அவருக்காக ஏற்பட்டது. 2009ஆம் ஆண்டிலிருந்து இது 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் ரசிகர் கதைக் களஞ்சியத்தில் நடந்துவருகிறது. 2007இல் தொடங்கப்பட்ட ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. 2019இல் அந்தக் களஞ்சியத்துக்கு, அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ கிடைத்தபோது, அதில் எழுதுகிறவர்கள் தங்களுக்கே விருது கிடைத்துவிட்டதாகக் கொண்டாடியதும், விருதுக்காரர்கள் அதைக் கேட்டுப் பதறியதும் ஒரு தனிக் கதை.

இனி உங்கள் கேள்வி. எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு விதிகளே பதில் வைத்திருக்கின்றன. ஆனால் முதல்முறை சேர்பவர்கள் எழுதும் பரபரப்பில் அவற்றைப் பெறுபவரின் கண்ணோடு வாசிப்பதில்லை. உங்களுக்கு வரப்போகும் கதை நீங்கள் கேட்ட மூலங்களில் ஒன்றைப் பற்றியதாக இருக்கும். அதில் நீங்கள் குறித்த மாந்தர்கள் இருப்பார்கள். அது குறைந்தது 1,000 சொற்கள் கொண்ட, முடிவுள்ள ஒரு கதையாக இருக்கும். வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தவை அதில் வரக் கூடாது. உறுதி என்று சொல்லத்தக்கவை இவ்வளவுதான். உங்களுக்கு எழுதப்போகிறவருக்கென்று வைத்த கடிதத்தில் நீங்கள் ஆசைப்பட்டு எழுதிய மற்ற அனைத்தும், மழைக்காட்சி வேண்டும், அண்ணனும் தங்கையும் சமாதானமாக வேண்டும், முடிவு சிரிப்போடு இருக்க வேண்டும் என்பன எல்லாம், எழுதுபவர் எடுத்துக்கொண்டால் உண்டு, எடுத்துக்கொள்ளாவிட்டால் இல்லை. விருப்பக் குறிப்புகள் விருப்பத்துக்கு உரியவையே என்பது அங்கே பழமொழிபோல் வழங்குகிறது. உங்களுக்கு எழுதுகிறவரும் நீங்கள் எழுதிக் கொடுத்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். யார் யாருக்கு எழுத வேண்டும் என்று பொருத்துவது ஒரு கணினி நிரல். அது பார்ப்பது, ஒருவர் கேட்டவற்றில் ஒன்றாவது மற்றவர் எழுத ஒப்புக்கொண்டவற்றில் இருக்கிறதா என்பதை மட்டுமே. யாராவது இடையில் விலகிக்கொண்டால் அவருடைய இடத்தில் வேறொருவர் குறைந்த நாளில் எழுதித் தருவார். பேஸ்பால் ஆட்டத்திலிருந்து எடுத்த சொல்லால் அவரைப் 'பிஞ்ச் ஹிட்டர்' என்கிறார்கள். நான் பார்த்தவரை இவர்கள் எழுதும் கதைகள் பல சமயம் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கின்றன. யோசிக்க நேரமில்லாமை சிலருக்கு நல்லது போலும்.

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அக்டோபரிலேயே அதை எழுதிக் கொடுத்துவிட்டிருப்பீர்கள். இப்போது திருத்தப் போவதில்லை. ஆனாலும் அதை எடுத்து இன்று மறுபடி வாசித்துப் பாருங்கள் என்பேன், ஏனென்றால் நீங்கள் காத்திருப்பது எதற்காக என்பது அதில்தான் இருக்கிறது. நான் சேர்ந்த முதல் ஆண்டு ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். பாத்திரத்தின் பிறந்த நட்சத்திரம் முதற்கொண்டு அதில் இருந்தது. எனக்கு எழுதியவர் பாவம், மிகுந்த பணிவுடன் அத்தனையையும் ஒன்று விடாமல் கதைக்குள் கொண்டுவந்திருந்தார். மளிகைக் கடைச் சீட்டில் எழுதிய சாமான்கள் எல்லாம் பைக்குள் வந்து சேர்ந்ததுபோல் இருந்ததே தவிர, அதைச் சமைத்தவர் யாருமில்லை. குறை அவருடையதென்று நான் நினைக்கவில்லை. அவர் நுழைவதற்கு நான் ஒரு வாசலைக்கூடத் திறந்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நான் கேட்டது மிகச் சிறிய ஒன்று. சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை உங்களுக்கு நினைவிருக்கும். கோவலன் பிரிந்து போன பின் மாதவி அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். தாழையின் வெண்மடல்தான் ஏடு. பிச்சி மொட்டுதான் எழுதுகோல். செம்பஞ்சுக் குழம்புதான் மை. எழுதியதைத் தோழி வயந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். அவள் கூல வாணிகத் தெருவில் கோவலனைக் கண்டு நீட்டுகிறாள். அவன் வாங்க மறுத்து, அவள் ஆடல்மகள்தானே, எல்லாம் நடிப்பு என்ற தொனியில் பேசி அனுப்பிவிடுகிறான். வயந்தமாலை திரும்பி வந்து சொல்கிறாள். மாலை வராவிட்டால் காலையில் பார்ப்போம் என்கிறாள் மாதவி. அந்தக் காதையில் இளங்கோவடிகளுக்கு அதற்கு மேல் வயந்தமாலையிடம் வேலை இல்லை. அவர் கோவலனோடு போயாக வேண்டும். ஆனால் தானியக் கடைகளுக்கு நடுவே, ஏற்கப்படாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தந்தவளிடமே திரும்பி நடந்து வருகிற ஒருத்தியை நான் பள்ளி நாளிலிருந்து மறந்ததில்லை. அந்த நடையை எழுதித் தாருங்கள் என்று மூன்று வரியில் கேட்டிருந்தேன்.

இரண்டு ஆண்டுகள் அது கிடைக்கவில்லை. நான் கேட்ட வேறு மூலங்களிலிருந்து நல்ல கதைகள் வந்தன. மூன்றாம் ஆண்டு, எனக்கு எழுத வேண்டிய கடமை ஏதுமில்லாத ஒருவர், என் கடிதத்தைத் தற்செயலாக வாசித்துவிட்டு, தாமாகவே ஒரு கதை எழுதி வைத்திருந்தார். இப்படித் தருவதை 'ட்ரீட்' என்கிறார்கள். ஏறத்தாழ 1,400 சொற்கள்தான். வயந்தமாலை கூலத் தெருவிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் சுற்று வழியில் போகிறாள். வெயில் ஏறுகிறது. கையிலுள்ள தாழைமடல் சுருளத் தொடங்குகிறது. உலர்ந்த செம்பஞ்சுக் குழம்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து அவள் உள்ளங்கையில் ஒட்டுகிறது. அவள் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை, அது தன் வேலையில்லை என்று நினைப்பவள் அவள். ஆனால் வாசலை எட்டும்போது கடிதத்தின் பாதி எழுத்து அவள் கையில் இருக்கிறது. மாதவி கேட்கும்போது அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறாள். கதை அங்கே முடிந்துவிட்டது.

அந்தக் கதையில் ஒரு பிழையும் இருந்தது. எழுதியவர் தமிழ் அறியாதவர், காவியத்தை மொழிபெயர்ப்பில் வாசித்தவர். கூலம் என்பதைப் பொதுவாகக் கடைவீதி என்று கொண்டு, நெல்லும் எள்ளும் பயறும் இருக்க வேண்டிய தெருவில் பட்டுத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார். அது எனக்குக் கண்ணில் பட்டது. ஒரு கணம் உறுத்தவும் செய்தது. ஆனால் தாழைமடல் வெயிலில் சுருளும் என்பதையும், மலர்மொட்டால் எழுதிய குழம்பு ஆழப் பதியாது என்பதையும் அத்தனை முறை வாசித்த நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒருவர் நினைத்திருக்கிறார். இன்னொரு நுட்பமும் அதில் இருந்ததை நான் இரண்டாம் வாசிப்பில்தான் கண்டேன். பிற்பாடு புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகும் வழியில் கோவலனிடம் கோசிகமாணி கொண்டுவரும் இரண்டாவது கடிதத்துக்கு மாதவி தன் கூந்தலால் மண்முத்திரை இட்டு அனுப்புகிறாள் அல்லவா? முதல் கடிதம் வழியில் உதிர்ந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அடுத்ததை அவள் சுருட்டி முத்திரையிட்டாள் என்று அந்தக் கதை சொல்லாமல் சொல்லியிருந்தது. எங்கும் எழுதவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்ட வயந்தமாலையை மாதவி ஒரு பார்வை பார்த்தாள் என்று மட்டும் ஒரு வரி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. புறஞ்சேரி இறுத்த காதையை அந்த வாரத்தில் நான் மறுபடி வாசித்திராவிட்டால் அந்த ஒரு வரியை நான் தாண்டிப் போயிருப்பேன். ஆகவே நாள் நகரவில்லை என்ற உங்கள் முறையீட்டுக்கு என்னிடமுள்ள ஒரே மருந்து இதுதான்: நீங்கள் கேட்ட மூலங்களை இப்போது எடுத்து, முதல் வரியிலிருந்து, மெதுவாக மறுபடி வாசியுங்கள். உங்களுக்கு எழுதுகிறவர் கடந்த ஐந்தாறு வாரங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார். எந்தப் பக்கத்தில் உங்கள் பாத்திரம் எந்த நாற்காலியில் உட்கார்ந்தது, யாரை எப்படி விளித்தது என்பதெல்லாம் இன்றைய தேதியில் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாசித்த நினைவை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் அந்தக் கதைக்குள் போனால், அவர் உங்களுக்காக ஒளித்து வைத்ததில் பாதி உங்கள் கைக்கு வராது. மூலத்தை மறுவாசிப்புச் செய்த ஆண்டுகளில் எனக்கு வந்த கதைகள் எல்லாம் நன்றாக இருந்தன. செய்யாத ஆண்டுகளில் வந்தவை சுமாராக இருந்தன. கதைகள் அப்படி அமைந்தது தற்செயல் என்று நான் இப்போது நம்புவதில்லை.

பிடிக்காமல் போனால் என்ன செய்வது? போகலாம், எனக்கும் போயிருக்கிறது. முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள்: கதை திறந்த ஐந்தாவது நிமிடத்தில் எதையும் எழுதாதீர்கள். இரண்டு மாதமாக மனத்துக்குள் நீங்களே எழுதி வைத்திருக்கும் ஒரு கதை இருக்கிறது. வந்திருப்பது அது இல்லை என்பதுதான் முதல் வாசிப்பில் கிடைக்கும் ஏமாற்றத்தில் பெரும்பங்கு. ஓர் இரவு கழித்து வாசித்தால் அந்த மனக்கதை சற்று விலகி நிற்கும், வந்த கதை கண்ணுக்குத் தெரியும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால், அதில் உண்மையாகவே நன்றாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நன்றி எழுதுங்கள். பொய் சொல்லத் தேவையில்லை. ஆயிரம் சொல்லில் ஒரு வரியாவது நன்றாக இல்லாத கதையை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் வேண்டாம் என்று குறித்த ஒன்று கதையில் அப்பட்டமாக வந்திருந்தால் அது வேறு விஷயம். அதை நடத்துநர்களுக்குத் தனியே எழுதலாம், கதையின் கீழே எழுத வேண்டாம். நன்றி சொல்லாமல் இருப்பதுதான் இந்தப் பரிமாற்றத்தில் மன்னிக்க முடியாத பிழை. உங்கள் கதையைப் பெற்றவர் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை 26ஆம் தேதி காலையில் நீங்களே அறிந்துகொள்வீர்கள், அப்படி நேரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் தங்கள் ஒரே பரிசுக்காகத்தான் காத்திருப்பதாக முதல் ஆண்டில் தோன்றும். உண்மையில் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஆயிரம் சொல்லை எட்டாத குட்டிக் கதைகளுக்கென்று 'யூல்டைட் மேட்னஸ்' என்று தனித் தொகுப்பும் உண்டு. பெயருக்கேற்ற பைத்தியக்காரத்தனமும் நகைச்சுவையும் பெரும்பாலும் அங்கேதான். நமக்குத் தீபாவளி மலர் வந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் இருந்தார்; வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோந்து போட்டு, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்தவர். மலர் வந்தால் யாரையும் தொடவிடாமல் முதலில் உள்ளடக்கப் பக்கத்தைத்தான் அரைமணி நேரம் வாசிப்பார். எதை எப்போது வாசிப்பது என்று திட்டம் போடுவதிலேயே அவருக்குப் பாதிச் சுகம் கிடைத்துவிடும். யூல்டைட் தொகுப்பையும் அப்படித்தான் அணுக வேண்டும். மூலங்களின் பட்டியலை முதலில் பாருங்கள். கேள்விப்பட்டிராத மூலத்தின் கதைகளைக்கூடத் திறந்து பாருங்கள். மூலமே தெரியாமல் ஒரு ரசிகர் கதை நன்றாக இருந்ததால் அந்த மூல நாவலைத் தேடிப் போய் வாசித்தவர்கள் நிறைய, நானும் அவர்களில் ஒருத்தி.

டிசம்பர் 25க்கும் ஜனவரி 1க்கும் இடையிலான அந்த வாரம் இதில் தனிச்சுவை உடையது. கதைகள் எல்லோருக்கும் தெரியும், எழுதியவர்கள் யார் என்பது ஜனவரி 1 வரை யாருக்கும் தெரியாது. எழுதியவருக்கு நீங்கள் கருத்து எழுதினால் அவர் பெயரில்லாதவராகவே பதில் சொல்வார். நீங்கள் ஒரு முகமூடியோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். யார் எழுதியது என்று ஊகிப்பதில் சிலர் சூரர்கள். அரைப்புள்ளி போடும் பழக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வாரத்தில் உங்கள் கதையைப் பற்றி யாராவது உங்களிடமே பேசினால், அது உங்களுடையது என்று வாய்தவறிச் சொல்லிவிடாமல் இருப்பது பெரிய தவம்.

இனி அப்பாவுக்குப் பதில். அடுத்தவர் கதையில் நமக்கு என்ன வேலை என்று கேட்டால், தமிழில் கதை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து நாம் பார்த்துவந்த வேலையே அதுதான் என்று சொல்லுங்கள். கம்பர் எடுத்துக்கொண்டது வால்மீகியின் கதையை. புதுமைப்பித்தன் 1943இல் அகலிகையை மறுபடி எழுப்பி, ராமன் திரும்பி வந்து சீதை தீக்குளித்த செய்தியை அவள் கேட்கும்படி செய்தார். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் முகப்பிலேயே ஒரு குறிப்பும் வைத்தார். கல்கி 1954இல் பொன்னியின் செல்வனை முடித்தபோது, அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால் முடிவுரை ஒன்று எழுதி, மிச்சமிருந்த செய்திகளைச் சொல்லி, அவற்றை வைத்து மற்ற எழுத்தாளர்கள் நாவல்கள் எழுதலாம் என்று கதவைத் திறந்தும் விட்டார். எழுத்தாளர் விக்கிரமன் அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்தான். உங்கள் அப்பா கல்கி வாசகராக இருந்தால் இந்த ஒரு செய்தி போதும். சட்டம் பற்றிக் கேட்டால், நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அதற்கு முந்தைய நூல்களைத் தொடத் தடையில்லை. அதற்குள் இருப்பவற்றில் நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடும், அதனால்தான் அந்தக் களஞ்சியத்தில் கதையை விற்கவோ காசு கேட்கவோ கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். நடைமுறையில் அவருடைய உண்மையான கவலை வேறாக இருக்கலாம். செமஸ்டர் தேர்வு நேரத்தில் இது எதற்கு என்பதுதான் அது என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

தமிழிலேயே எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். யூல்டைட் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பது. பெறுபவர் வாசிக்கத்தக்க மொழியில் தருவதுதான் மரியாதை. ஆனால் களஞ்சியத்தில் கதையின் மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். குன்னூரிலும் கோத்தகிரியிலுமாக ஐந்தாறு பேர் சேர்ந்தால், பொங்கலுக்கென்று நாமே ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். கேட்பவருக்கு ஒரு பாத்திரம், எழுதுபவருக்கு ஒரு மாதம், பொங்கலன்று திறப்பது என்று வைத்துக்கொண்டால் இந்த மார்கழியிலேயே சீட்டைக் குலுக்கியாக வேண்டும். எனக்குச் சம்மதம்.

கடைசியாக மலையில் இருப்பவர்களுக்கென்று சில எச்சரிக்கைகள். அறிவிப்புகளில் தரப்படும் நேரம் உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இரவு 9 மணி என்று போட்டிருந்தால் அது நமக்கு மறுநாள் அதிகாலை 2:30. இந்தக் கணக்குத் தெரியாமல் நான் ஒருமுறை ஐந்தரை மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்து, வெலிங்டன் பக்கப் புல்வெளியில் உறைபனி வெளுக்கும்வரை வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பர்வரை நம்மை விடுவதில்லை என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கதையை ஏற்ற வேண்டிய கடைசி நாளில் எங்கள் தெருவில் சீகை மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்து, இரண்டு நாள் மின்சாரமும் இல்லை, கைப்பேசியில் கோடும் இல்லை; கதையைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, குடையோடு பெட்போர்டு வரை நடந்து, ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி ஏற்றினேன். அவர் திரையில் ஓடிய முதல் பத்தியை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் வரும் அந்த அம்மா கடைசியில் ஊருக்குப் போகிறாரா என்று கேட்டார். ஆகவே இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் கதைகளை இறக்கி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கதையையும் ஈபப் அல்லது பிடிஎஃப் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி அங்கே இருக்கிறது. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால், உங்கள் வீடு பேரகணிப் பக்கம் என்றால் உறவினர் கூட்டத்துக்கு நடுவே கைப்பேசியில்தான் வாசிக்க வாய்க்கும்.

உங்களுக்கு வந்த கதை எதுவென்று 25ஆம் தேதி எனக்கு எழுதுங்கள், நானும் வாசிக்கிறேன். இந்த ஆண்டு நானும் ஒன்று எழுதி ஏற்றியிருக்கிறேன். எந்த மூலம், யாருக்கு என்று ஜனவரி 1க்கு முன் கேட்காதீர்கள்.